பட்டன் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். இருபத்தைந்து வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள் கோபப்படாமல் எப்படி இருப்பாள்? அளவு கொடுக்கும்போது ஒரு உடம்பு, துணி வாங்க வரும்போது வேறு உடம்பு. கேட்டால், "நீங்கதான் இறுக்கித் தச்சுட்டீங்க" என்பார்கள்.

கடையில் நாங்கள் மூன்று பேர். நான், கட்டிங் மாஸ்டர், என் தம்பியின் மனைவி. தைத்து முடித்த துணிகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது தம்பியின் வேலை. மாஸ்டர் என்னைவிட ஐந்து வயது பெரியவர், ஆனாலும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று கேட்டால், "திட்றவங்களை வேற எப்படிக் கூப்பிடறது?" என்பார். தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, நூல் பிசிறு வெட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கு நான் வைத்த பெயர் சிணுங்கி. தொட்டாச்சிணுங்கி என்று முழுதாகக் கூப்பிட நேரமில்லை.

பெயர் சும்மா வைக்கவில்லை. வந்த முதல் வாரமே தூசியில் தும்மினாள். புதுச் சாயத்துணியைத் தொட்டால் கை சிவக்கிறது என்றாள். அதனால் வெட்டு மேசைக்கு வரும்போது போட்டுக்கொள்ள, மணிக்கட்டில் பட்டன் வைத்த முழுக்கைக் கோட்டு ஒன்றை நானே அவளுக்குத் தைத்துக் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன், ஆனால் நன்றாகத் தைத்தேன். அதைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்.

"அண்ணி, எனக்குப் பென்சிலினும் ஒத்துக்காது. சின்ன வயசுல ஊசி போட்டு மூச்சே நிக்கப் பார்த்துச்சாம். எங்கம்மா இன்னும் சொல்லிச் சொல்லிப் பயப்படுவாங்க."

"ஏம்மா, உனக்கு எதுதான் ஒத்துக்கும்? நாங்களாவது ஒத்துக்குவோமா?" என்றேன்.

மாஸ்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

இப்போது பட்டன் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தையல் மெஷினுக்கு வலப்பக்கம் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கும். அதில் இருபத்துநான்கு அறைகள். மேலே இருபது அறைகளில் பட்டன், கீழே நான்கில் மருந்து. மாத்திரை அட்டை இடத்தை அடைக்கும், அதன் ஓரம் துணியைக் கிழிக்கும். அதனால் மிஞ்சுகிற மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, நிறம் பார்த்து அறை அறையாகப் போட்டு வைப்பேன். வெள்ளை வட்டம் தலைவலிக்கு. மஞ்சள் வயிற்றுக்கு. சின்ன நீலம் சளிக்கு. இருபத்தைந்து வருடமாகப் பட்டனை அப்படித்தானே வைக்கிறேன்? பட்டனுக்குப் பெயரா இருக்கிறது? நிறம், அளவு, எத்தனை ஓட்டை, அவ்வளவுதான். மாத்திரையும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை.

நான்காவது அறையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கேப்சூல் இருந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னால் மெஷின் ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. விரல் சீழ் கோத்து வீங்க, அடுத்த தெருக் கிளினிக்கில் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு மூன்று. மூன்றாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. வடிந்த பிறகு எதற்கு மருந்து? நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டேன். சிக்கனக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர். நூற்று நாற்பது சட்டைகள், மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். காலை பதினோரு மணிக்கு அறுபது சட்டைகளுக்குக் காஜா பாக்கி. சிணுங்கிக்கு இரண்டு நாளாகப் பல்வலி. இடது தாடை கொஞ்சம் உப்பியிருந்தது. கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் காஜா எடுத்தால் வேலை எப்படி ஓடும்?

"அண்ணி, ஒரு மணி நேரம் பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடட்டுமா?"

"நாலு மணிக்கு டெலிவரி. அதுக்கப்புறம் பல் டாக்டர்கிட்ட போ, கண் டாக்டர்கிட்ட போ, எங்க வேணா போ. இந்தா, இதைப் போட்டுக்கோ."

நான்காவது அறையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து நீட்டினேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது என்ன மாத்திரை, அண்ணி?"

"வீக்கத்துக்கு. என் விரல் மூணே நாள்ல வத்திப் போச்சு, பார்த்தல்ல?"

"இல்ல... பேர் என்னன்னு..."

"பேர் தெரிஞ்சு என்ன பண்ணப் போற, ஸ்கூல்ல சேக்கப் போறியா?"

மாஸ்டர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பென்சிலின் இல்லையே, அண்ணி?"

"அது ஊசிடி! இது கேப்சூல். ஊசிக்கும் கேப்சூலுக்கும் வித்தியாசம் தெரியாமயா நான் இத்தனை வருஷம் கடை நடத்தறேன்? உனக்கு நான் விஷத்தையா குடுப்பேன்?"

அவள் கேப்சூலை வாயில் போட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து விழுங்கினாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷம் இருக்கும். அவள் உள்ளங்கையை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கை அரிக்குது, அண்ணி."

"நூல் தூசி. கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தாள். இரண்டு காஜா எடுத்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். செருமினாள், செருமிக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்ன, பாட்டுப் பாடப் போறியா?"

"தொண்டைல என்னமோ அடைக்கற மாதிரி..."

"தண்ணி குடி. குடிச்சுட்டு வேலையைப் பாரு. மணி பதினொன்னே கால்."

அவள் கையிலிருந்து பட்டன்கள் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கப் போனவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் அவள் முடித்து வைத்த சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். காஜா கோணலாக இறங்கியிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். அந்தக் குரல் அவள் குரலே இல்லை. கட்டைக் குரலாக, கரகரவென்று வந்தது. அதன் பின்னால் மூச்சு விசில் அடித்தது.

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். துணியின் நடுவில் வெட்டு ஓடும்போது அந்த மனிதர் கத்தரியை வைத்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு உதட்டைப் பாருங்க."

பார்த்தேன். கீழுதடு இரண்டு பங்காகத் தடித்திருந்தது. கண்ணிமைகள் உப்பியிருந்தன. முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, அவள் வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினாள்.

மாஸ்டர் போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். கிளினிக் நான்கு நிமிஷ நடை. அவளால் நான்கு அடிகூட நடக்க முடியாது. துணிக்கட்டுகள் ஏற்றும் நீளத் தள்ளுவண்டி வாசலில் நின்றது. அதன்மேல் இருந்த கட்டுகளை மாஸ்டர் தள்ளிவிட்டார். ஒரே ஒரு சுருள் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது, அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. அவளைத் தூக்கி அதில் படுக்க வைத்து, அவர் பின்னாலிருந்து தள்ள, நான் முன்னால் இழுத்தேன்.

தெருவில் ஒரு கார் குறுக்கே நின்றது. நான் போட்ட சத்தத்தில் அதன் சொந்தக்காரன் சாவியைக் கீழே போட்டுவிட்டான். நடைபாதைக் கல் பெயர்ந்த இடத்தில் வண்டிச் சக்கரம் மாட்டியது. மாஸ்டர் தோளைக் கொடுத்துத் தூக்கினார். நான் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அவள் விரல் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பல் இல்லை, பல்லால் இப்படி ஆகாது. நான் கொடுத்ததால்தான். ஆனால் அதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளக்கூடத் தைரியம் வரவில்லை. பல்தான், பல்தான் என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வண்டியை இழுத்தேன்.

கிளினிக்கில் அவசர அறை என்று ஒன்று உண்டு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். டாக்டர் சின்னப் பெண், கண்ணாடியைத் தலையில் ஏற்றி விட்டிருந்தார். நர்ஸ் பெரியவர், பருமனானவர்.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"பல்லு வலி, டாக்டர்! ரெண்டு நாளா இருந்துச்சு. தாடை வீங்கி, இப்ப மூச்சு முட்டுது!"

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் அதில் இல்லை.

டாக்டர் அவள் வாயைத் திறக்கப் பார்த்தார். வீக்கத்தில் திறக்கவில்லை. தாடையைத் தொட்டார், கழுத்தைத் தடவினார். அவள் முகமே ஒரே வீக்கமாக இருந்ததால் பல்வீக்கம் எங்கே முடிகிறது, மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கைகள் இரண்டும், புதுத்துணி என்று அவள் காலையிலேயே போட்டுக்கொண்ட, நான் தைத்த கோட்டுக்குள், மணிக்கட்டு வரை பட்டன் போட்டு மூடியிருந்தன.

"பல்லுல இருக்கற சீழ் கழுத்துக்குள்ள இறங்கியிருக்கும் போல. ஆக்ஸிஜன் வைங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் ஊசி ஒண்ணு போட்டுடலாம்."

நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே வெள்ளைத் தூள். ஊசியால் தண்ணீர் ஏற்றிக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

சிணுங்கியின் மூக்கையும் வாயையும் ஆக்ஸிஜன் முகமூடி மறைத்திருந்தது. அவள் பேச முயன்றாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். தூக்கிய கை என் பக்கம் நீண்டது.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. ஏதாவது ஒத்துக்காதா?"

நானே சொல்கிறேன், ஒளிக்கவில்லை. ஒத்துக்காது என்று சொன்னால் அடுத்த கேள்வி, என்ன சாப்பிட்டாள் என்று வரும். யார் கொடுத்தது என்று வரும். அம்மா அப்பா இல்லாமல் நான் தூக்கி வளர்த்த தம்பி, என் முகத்தைப் பார்த்து, 'என் பொண்டாட்டியை நீதான் கொன்னுட்டியா, அக்கா?' என்று கேட்பான். ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட இருக்காது. அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டிலை நெருங்கினார். சிணுங்கி இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. காலையில் பல் டாக்டரிடம் போக அனுமதி கேட்டாளே, அதே பார்வைதான்.

"போடாதீங்க!" என்று கத்தினேன். நர்ஸின் கையைப் பிடித்தே விட்டேன். "போடாதீங்கம்மா! பென்சிலின் ஒத்துக்காது இவளுக்கு. சின்ன வயசுலயே மூச்சு நிக்கப் போச்சு. நான்... நான் ஒரு கேப்சூல் குடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகல. அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு. நான்தான் குடுத்தேன்!"

டாக்டர் சட்டென்று திரும்பினார். "என்ன கேப்சூல்?"

"சிவப்பும் வெள்ளையும்."

"பேர் என்ன?"

"தெரியாது."

"உடம்புல தடிப்பு இருக்கா? கோட்டைக் கழட்டுங்க, சீக்கிரம்!"

மணிக்கட்டுப் பட்டனை நர்ஸ் இழுத்தார். வரவில்லை. நான் தைத்த பட்டன், பத்து வருடம் ஆனாலும் வராது. என் கழுத்தில் நூல்வெட்டும் கத்தரி எப்போதும் தொங்கும். அதை எடுத்து மணிக்கட்டில் நுழைத்து, தோள்வரைக்கும் ஒரே இழுப்பாகக் கிழித்தேன். கை முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது.

"பல் இல்ல, இது அலர்ஜி. அட்ரினலின்!" என்றார் டாக்டர். "அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்க. காலை உயரமா வைங்க."

காலுக்கு வைக்க ஒன்றும் இல்லை. மாஸ்டர் வெளியே ஓடி, வண்டியில் மாட்டிக்கொண்டு வந்திருந்த துணிச்சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளிச் சீருடைத் துணி, நீலக் கட்டம். அதன்மேல் அவள் கால்களை வைத்தோம். டாக்டர், அவள் உடுத்தியிருந்த துணிக்கு மேலாகவே தொடையில் ஊசியை இறக்கினார்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால் சொல்கிறேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் மாறவில்லை. நர்ஸ் அவள் கையில் பட்டி சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. விசில் சத்தம் குறைந்தது. நல்லதுதானே என்று நினைத்தேன். டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "காத்தே போகல, இன்னொண்ணு குடுங்க" என்றபோதுதான் அது நல்லதில்லை என்று புரிந்தது. இரண்டாவது ஊசி இறங்கியது. கையில் ஒரு குழாய் ஏற்றிப் பாட்டில் தண்ணீரை வேகமாக விட்டார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடுடி, மூச்சு விடுடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்று நாற்பத்தாறுக்கு அவள் இருமினாள். மறுபடி இருமினாள். பிறகு ஒரு நீள மூச்சை உள்ளே இழுத்தாள். அடைப்பு எடுத்த குழாயில் தண்ணீர் போகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் மறுபடி குழாயை வைத்துக் கேட்டார்.

"வருது" என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் என்னிடம் வந்தார். அந்தக் கேப்சூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். விரல் கதையைச் சொன்னேன். நர்ஸ் பழைய பதிவேட்டைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தார்.

"அமாக்ஸிசிலின். ஏழு நாள்."

"அப்ப அது பென்சிலின் இல்லையே?" என்றேன். இந்த நேரத்திலும் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

"பென்சிலின் குடும்பம்தாம்மா. ஊசியா வரும், கேப்சூலா வரும், கொழந்தைங்களுக்குத் தண்ணி மருந்தா வரும். அட்டையில வேற வேற பேர் இருக்கும். குடும்பம் ஒண்ணுதான். இப்ப போடப் போனோமே, அந்தக் குப்பிலயும் அந்தக் குடும்பம்தான்."

குப்பியிலிருந்து மருந்தை ஏற்றிய அந்த ஊசியைத் தேடினேன். குப்பைத்தொட்டியின் மேலாகக் கிடந்தது, உள்ளே மருந்து தெளிந்த தண்ணீராக.

டாக்டர் என் இடது கையை எடுத்துப் பார்த்தார். நகத்தடியில் அழுத்தினார். வலித்தது. ஒரு வாரமாகவே வலித்துக்கொண்டுதான் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

"ஏழு நாளும் சாப்பிட்டீங்களா?"

"மூணு நாள்."

"மிச்சம்?"

"பட்டன் பெட்டில."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"உங்களுக்கு எழுதினது உங்க விரலுக்கு மட்டும்தாம்மா. வேற யார் பல்லுக்கும் இல்ல. நடுவுல நிறுத்தணும்னு தோணினா, வந்து எங்களைக் கேளுங்க. பெட்டியைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கட்டிலுக்குப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. அடங்கியது திரும்பவும் கிளம்பலாம், நாளை வரைக்கும் கண்காணிக்க வேண்டும் என்றார்கள். தம்பி இரண்டரை மணிக்கு அங்கே வந்து சேர்ந்தான். வேனை எங்கே நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் உதட்டு வீக்கம் அப்போது பாதி வடிந்திருந்தது.

"எப்படி ஆச்சு? உனக்குத்தான் ஆகாதுன்னு தெரியுமே! யார் குடுத்தா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவனிடம் சொன்னாள்: "நானேதாங்க பெட்டிலருந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன். வலி தாங்கல."

பாருங்கள், தொண்டை வீக்கத்தோடு படுத்திருக்கிறவள் எனக்காகப் பொய் சொல்கிறாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் அப்படியே உண்மையாகியிருக்கும். அவள் சாகிறவரைக்கும் நடந்ததை வெளியே விட்டிருக்க மாட்டாள். காலையில் ஒரு தடவை வாயை மூடி நின்றதே எனக்குப் போதும்.

"பொய் சொல்றாடா. நான்தான் குடுத்தேன். என்ன மாத்திரைன்னு கேட்டா, பென்சிலினான்னு கேட்டா. நான் வாயை அடைச்சு முழுங்க வச்சேன்."

தம்பி கத்தவில்லை. வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தான். அன்றைக்கு ஆரம்பித்து ஒன்பது நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் போனதும் நான் அவளிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வேறு மாதிரி கேட்க எனக்கு வராது.

"ஏன்டி முழுங்கின? சந்தேகம் வந்துச்சுல்ல? துப்பியிருக்கலாம்ல? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல?"

அவள் கரகரத்த குரலில், ரகசியம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"ஒரு தடவை கேட்டேனே, அண்ணி. ரெண்டாவது தடவை கேக்கப் பயமா இருந்துச்சு."

பயம். என்னிடம். செத்துப்போவதைவிட என்னிடம் இன்னொரு கேள்வி கேட்பது அவளுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. கேப்சூல் பாதிதான் செய்தது, மீதியை என் வாய் செய்திருக்கிறது. நான் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் பல்லைப் பார்த்தார்கள். வேறு குடும்பத்து மருந்தை எழுதி, முதல் மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து, இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தபிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். அவளுக்கு எது ஆகாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். சட்டைகள் ஒரு நாள் தாமதமாகப் போயின. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போனில் கால் மணி நேரம் என்னைத் திட்டினார். நான் முழுவதையும் கேட்டுக்கொண்டேன். மாஸ்டர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

பெட்டியின் கீழ் நான்கு அறைகளையும் காலி செய்து, எல்லாவற்றையும் மருந்துக்கடையில் கொடுத்து, அழித்துவிடச் சொன்னேன். இப்போது அங்கே பிரஸ் பட்டன் இருக்கிறது. கிழித்த கோட்டுக்குப் பதிலாக வேறு கோட்டு தைத்தேன். உள்பக்கத்தில் அந்த அட்டைக்கு ஒரு பை, சிவப்புத் துணியில். என் விரலையும் மறுபடி டாக்டரிடம் காட்டி, இந்தத் தடவை எழுதினதைக் கடைசி நாள் வரைக்கும் விழுங்கினேன்.

மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். வராதே என்று சொல்லியும் வந்தாள். பகல் மாத்திரைக்கு நேரம் ஆனதும் நான் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு அவளிடம் நீட்டினேன். அவள் கையிலிருந்த சட்டையைக்கூட வைக்காமல், மாத்திரையை வாங்கி நேரே வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கேளு."

"என்ன, அண்ணி?"

"இது என்ன மாத்திரைன்னு கேளு."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கத்தரியை நிறுத்திவிட்டார்.

"நீங்கதானே அண்ணி குடுக்கறீங்க..."

"அதனாலதான்டி சொல்றேன், கேளு!" என்று கத்தினேன். வாசலில் நின்ற வாடிக்கையாளர் பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

"இது... என்ன மாத்திரை, அண்ணி?"

அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கிளிண்டாமைசின். பென்சிலின் குடும்பம் இல்ல. டாக்டர்கிட்ட கேட்டேன், மருந்துக்கடையிலயும் கேட்டேன். உன் பேருக்குத்தான் எழுதியிருக்கு."

அவள் தலையாட்டினாள், மறுபடி மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் கையை விடவில்லை.

"இன்னும் என்ன, அண்ணி?"

"ரெண்டாவது தடவை கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கும்தான். மாஸ்டர் வெட்டு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என்ன மாத்திரை, அண்ணி?" என்று அவள் இரண்டாவது தடவை கேட்டாள்.

நான் அட்டையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்து, முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்தேன்.